5.38 கிரவுன் ஜீப்பை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்ட எந்த ரேஷியோ சரி?

பெருங்களத்தூர் ஜீப்:

அண்ணன்மார்களே, ஒரு யோசனை வேண்டும். விவரம் இல்லாமல் கேட்டால் உங்களாலும் பதில் சொல்ல முடியாது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வண்டி மஹிந்திரா சி.ஜே. 3பி. 80 அங்குல வீல்பேஸ், குட்டை ஜீப். அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அப்போது பெட்ரோல் ஹரிக்கேன் என்ஜின் இருந்தது. அது புகைய ஆரம்பித்ததும் 2,523 சிசி டி.ஐ. டீசல் என்ஜின் ஏற்றி, ஆர்.டி.ஓ.வில் காட்டி ஆர்.சி.யிலும் மாற்றி வாங்கிவிட்டார். கியர்பாக்ஸ் நாலு கியர், டாப் கியர் நேர் 1:1. என்ஜின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸ் பழைய ஸ்பைசர் 18. முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் இதுவரை யாரும் தொடவில்லை. டயர் 6.00-16.

எங்கள் ஊர் செஞ்சி பக்கம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன பிறகு மாதம் இரண்டு முறையாவது போய்வருகிறேன். பெருங்களத்தூரில் ஏறினால் திண்டிவனம் வரை ஜி.எஸ்.டி. ரோடு, அதாவது கிராண்ட் சதர்ன் டிரங்க் நெடுஞ்சாலை. 60 வரை வண்டி சுகமாகப் போகிறது. 70 தொட்டால் என்ஜின் கத்துகிறது, 80 என்றால் கத்தல் இல்லை, அலறல். கியர் குச்சி கையில் நிற்காமல் அதிர்கிறது, பக்கத்தில் இருப்பவரிடம் பேச வாயைக் காது அருகில் கொண்டுபோக வேண்டும். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் தலை கனத்துவிடுகிறது. லாரிக்காரர்கள் பின்னால் வந்து ஹாரன் அடிக்கும்போது இடது ஓரம் ஒதுங்குவதைத் தவிர வழியில்லை.

பட்டறையில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் 31 அங்குல டயர் போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் ஐந்து கியர் பெட்டி ஏற்றச் சொல்கிறார். மூன்றாவது ஆள் ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை மாற்று, 3.73 ரேஷியோ போடு, வண்டி கார் மாதிரிப் போகும் என்கிறார். எனக்கு 100 எல்லாம் வேண்டாம். 75, 80ல் என்ஜின் நிதானமாக ஓடினால் போதும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ஏலகிரி, ஜவ்வாது மலை போவோம், ஊரில் ஏரிக்கரைச் சேற்றில் இறக்குவதும் உண்டு, ஆகவே நாலு வீல் டிரைவ் இருந்தே ஆக வேண்டும்.

எதைச் செய்யலாம்? எதைத் தொடக்கூடாது?

அம்பத்தூர் பல்சக்கரம்:

தம்பி, முதலில் ஒன்றும் வாங்காதே. உன் வண்டியில் இப்போது என்ன ரேஷியோ இருக்கிறது, அதாவது சக்கரம் ஒரு சுற்று வர ஆக்சிலுக்கு வரும் ஷாப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணு. சி.ஜே. 3பி என்றால் 5.38 ஆகத்தான் இருக்க வேண்டும், ஆனால் இத்தனை வருடத்தில் எந்தக் கை எந்த ஆக்சிலைத் திறந்தது என்று யாருக்குத் தெரியும்.

எண்ணும் முறை சொல்கிறேன். சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வை. பின் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வை, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே. கியர் நியூட்ரல், நாலு வீல் விடுவிக்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கையும் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் இந்த வண்டியில் அது சக்கரத்தில் பிடிக்காது, டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் ஷாப்டைத்தான் பிடிக்கும், அதை விடாமல் சக்கரத்தைச் சுற்ற முடியாது. கல் வைக்கச் சொன்னதும் அதற்காகத்தான். டிரான்ஸ்பர் கேஸில் இருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொபெல்லர் ஷாப்டில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. இரண்டு சக்கரத்தையும் ஆளுக்கு ஒருவராக ஒரே வேகத்தில் சரியாகப் பத்துச் சுற்று சுற்றுங்கள். ஷாப்ட் 53 முழுச் சுற்றும் முக்கால் சுற்றும் வந்தால் 5.38. 48 முக்கால் வந்தால் 4.88. ஆள் இல்லை, ஒரு சக்கரத்தை மட்டும்தான் தூக்க முடியும் என்றால் அந்தச் சக்கரத்தை இருபது சுற்று சுற்று, கணக்கு அதேதான்.

அப்புறம் டயர். புத்தகத்தில் போட்ட விட்டத்தை எடுக்காதே. காற்று சரியாக அடித்து, நீ வண்டியில் உட்கார்ந்தபடி டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் டேப் வைத்து அள. இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் பட்டறையில் யார் என்ன சொன்னாலும் நீயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. எண் குறையக் குறையத்தான் சாலை வேகம் கூடும். 5.38 என்றால் சக்கரம் ஒரு சுற்று வர என்ஜின் டாப் கியரில் ஐந்தேகாலுக்கும் மேல் சுற்ற வேண்டும். கடையில் போய் 'ஹை ரேஷியோ கொடு' என்று கேட்காதே, ஒருவர் அதை எண் பெரியது என்று புரிந்துகொள்வார், இன்னொருவர் வேகம் பெரியது என்று புரிந்துகொள்வார். பல் எண்ணிக்கை சொல்லிக் கேள்: 43க்கு 8 என்றால் 5.38, 39க்கு 8 என்றால் 4.88, 47க்கு 11 என்றால் 4.27, 41க்கு 11 என்றால் 3.73.

பெருங்களத்தூர் ஜீப்:

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் சேர்ந்து எண்ணினோம். ஷாப்ட் 53 சுற்று தாண்டி, ஐம்பத்து நாலாவது சுற்றில் முக்கால் அளவில் கோடு நின்றது. மறுபடியும் எண்ணினோம், அதே இடம். ஆக 5.38 உறுதி. டயர் ஒரு சுற்றுக்கு 2.24 மீட்டர் உருண்டது.

அம்பத்தூர் பல்சக்கரம்:

அருமை. இப்போது கணக்கைப் பார். 80 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,333 மீட்டர். 2.24ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 595 சுற்று. டாப் கியர் 1:1 என்பதால் கிரவுன் எண்ணால் பெருக்கினால் என்ஜின் வேகம் வந்துவிடும். உன் 5.38ல் 3,200 ஆர்பிஎம். அந்த டி.ஐ. என்ஜின் தன் முழு சக்தியைக் கொடுப்பதே 3,200 பக்கத்தில்தான், அதற்கு மேல் அதனிடம் ஒன்றும் இல்லை. நீ சொல்லும் அலறல் அதுதான். பழுது ஒன்றும் இல்லை, என்ஜினை அதன் கடைசிப் படியில் நிறுத்தி வைத்து நூறு கிலோமீட்டர் தூரம் ஓட்டுகிறாய்.

இது ஏன் வந்தது என்றால், 5.38 அந்தப் பெட்ரோல் ஹரிக்கேனுக்காகக் கொடுத்தது. அந்த என்ஜின் 4,000 வரை சுற்றும், அதனால் கிரவுன் எண் பெரிதாக இருந்தும் ஒத்துப்போனது. டி.ஐ. டீசல் அப்படி இல்லை. 1,500 முதல் 1,800க்குள் அதன் முழு இழுவையும் வந்துவிடும். என்ஜினை மாற்றிய அன்றே கிரவுனையும் மாற்றியிருக்க வேண்டும். அந்த வேலை பாதியில் நிற்கிறது, அதைத்தான் இப்போது முடிக்கப் போகிறாய்.

அதே 80ல் 4.88 போட்டால் சுமார் 2,900. 4.27 போட்டால் சுமார் 2,540. 3.73 போட்டால் சுமார் 2,220. நீ ஓட்டும் 70ல் 4.27க்கு 2,225 வருகிறது, என்ஜின் மூச்சு வாங்காமல் நாள் முழுக்க ஓடும் இடம் அது.

என் வாக்கு 4.27க்கு. 3.73 வேண்டாம் என்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று இழுவை. 5.38ல் இருந்து 4.27க்குப் போனாலே எல்லா கியரிலும் ஐந்தில் ஒரு பங்கு இழுவை போய்விடும், ரிவர்ஸ் உட்பட. 3.73 என்றால் முப்பது சதவீதம் போகும். தாம்பரத்தில் மாலை ஏழு மணி நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்து பார், ஒவ்வொரு முறையும் கிளட்சைப் பாதியில் பிடித்தால்தான் வண்டி நகரும், பிளேட் தீய்ந்துவிடும். நெட்டுக்குத்தான கண்ணாடியோடு காற்றைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி இது, எதிர்க்காற்றில் 3.73 டாப் கியரில் நிற்காது, மூன்றாவதுக்கு இறங்கி மறுபடியும் அலறிக்கொண்டுதான் போவாய். இரண்டாவது காரணம் கேரியர், அதாவது கிரவுன் உட்காரும் கூடு. பின் ஆக்சில் ஸ்பைசர் 44 என்றால் 3.92க்கு மேல் உள்ள எல்லா ரேஷியோவும் ஒரே கேரியரில் உட்காரும், 3.73ம் அதற்குக் கீழும் வேறு கேரியர். 4.27 உன்னிடம் இருப்பதிலேயே உட்காரும், 3.73க்குக் கேரியரும் தேட வேண்டும்.

31 அங்குல டயர் யோசனை என்ஜின் சுற்றை எட்டு, ஒன்பது சதவீதம்தான் குறைக்கும். 80ல் 2,900க்கு மேல். அதற்காக ஸ்டியரிங் கனத்து, பிரேக்குக்குச் சுமை கூடி, திரும்பும்போது ஸ்பிரிங்கில் உரசி... வேண்டாம். ஐந்து கியர் பெட்டி நல்ல வழிதான், ஆனால் ஸ்பைசர் 18 கியர்பாக்ஸோடு நேராகப் போல்ட் ஆகும் டிரான்ஸ்பர் கேஸ், அதற்கு அடாப்டர் வேண்டும், பெட்டி நீளம் கூடினால் 80 அங்குல வண்டியில் பின் ஷாப்ட் முழம் அளவுக்குக் குட்டையாகி ஜாயிண்ட் கோணம் ஏறிவிடும். நீள வண்டியாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்தில், வேறு கருவிகளுக்குச் சக்தி எடுக்கும் பி.டி.ஓ. ஓட்டையில் மாட்டும் ஓவர்டிரைவ் ஒன்று அமெரிக்காவில் வருகிறது, என்ஜின் சுற்றை 25 சதவீதம் குறைக்கும், கிரவுனைத் தொடவே வேண்டாம். வரவழைத்து மாட்டுகிற வசதி இருந்தால் அதுவும் சரி, ஆனால் டிரான்ஸ்பர் கேஸின் இன்புட் கியர் 26 பல்லா 29 பல்லா என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் போட வேண்டும்.

பாலாற்று மணல்:

பல்சக்கரம் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஒன்றை மட்டும் நான் பெரிய எழுத்தில் சொல்ல விரும்புகிறேன். முன் ஆக்சிலையும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே ரேஷியோ. இதில் சமாதானமே கிடையாது.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். பின் ஆக்சிலை மட்டும் 4.27 ஆக்கினேன், முன் பக்கம் 5.38 அப்படியே இருந்தது. வேலை செய்த பட்டறையில், 'நாலு வீல் எப்போதாவதுதானே போடுகிறீர்கள், மணலில் சக்கரம் வழுக்கிக் கொடுத்துவிடும், ஒன்றும் ஆகாது' என்றார்கள். நானும் நம்பினேன். செங்கல்பட்டு தாண்டி பாலாற்றில் இறங்கி நாலு வீல் போட்டேன். டிரான்ஸ்பர் கேஸில் இருந்து இரண்டு ஷாப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும், ஆனால் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிடக் கால் பங்கு வேகமாகச் சுற்றப் பார்க்கிறது. ஆக முன் சக்கரம் இழுப்பதற்குப் பதிலாகப் பிரேக் பிடிக்கிறது. வண்டி முன்னால் மூக்கைப் புதைத்துக்கொண்டு பின்னால் மணலை வாரி இறைத்தது. சரி, விடுவித்துவிடலாம் என்று லீவரை இழுத்தால் வரவில்லை, உள்ளே முறுக்கு ஏறிப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துப் பார்க்கலாம் என்று கிளட்சை விட்டதும் அடியில் ஒரு வெடிச்சத்தம். முன் ஷாப்டின் மூட்டான யூ-ஜாயிண்டில் இருக்கும் கிராஸ் இரண்டாக உடைந்து, ஷாப்ட் தொங்கி மணலில் குத்தி நின்றது. அந்தக் கிராஸின் ஒரு துண்டை இன்னமும் மேஜை மேல் வைத்திருக்கிறேன், உடைந்த முகம் பளபளவென்று சர்க்கரைக் கட்டி மாதிரி இருக்கும்.

தார் ரோட்டில் நடந்திருந்தால் டிரான்ஸ்பர் கேஸே போயிருக்கும். முன்பக்கத்துக்கு அதே எண் செட் கிடைக்கும் வரை பின்பக்கத்தைத் தொடாதீர்கள். அவசரம் என்றால் முன் ஷாப்டைக் கழற்றி வீட்டில் வையுங்கள், கை தவறிக்கூட லீவர் போட முடியாதபடி.

மலைக்கு ஒரு வார்த்தை. 4.27 போட்ட பிறகு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரிலேயே ஏறிவிடலாம், சுமை இருந்தால் முதல் கியர். இன்னும் இழுவை வேண்டும் என்றால் டிரான்ஸ்பர் கேஸில் லோ ரேஞ்ச், அதாவது வேகம் குறைத்து இழுவை கூட்டும் கியர், இருக்கிறது. ஆனால் ஸ்பைசர் 18ல் நாலு வீல் போடாமல் லோ விழாது, உள்ளே பூட்டு இருக்கிறது. தார் ரோட்டில் நாலு வீலோடு வளைந்தால் மறுபடியும் முறுக்குதான். முன் சக்கரத்தில், சக்கரத்தை ஆக்சில் ஷாப்டில் இருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் மாட்டிவிடுங்கள். ஹப்பைத் திறந்து வைத்துக்கொண்டு லோ போட்டால் பின் சக்கரம் மட்டும் லோவில் இழுக்கும், முன் சக்கரம் தன் பாட்டுக்கு உருளும். மலை இறங்கும்போதும் என்ஜின் பிடிப்பு அருமையாக இருக்கும்.

பழைய டிரம்:

எல்லோரும் ஓட வைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். நிறுத்துவதைப் பற்றி நான் பேசுகிறேன்.

தம்பி, இந்த வண்டியை நீ இத்தனை நாள் 60ல் ஓட்டியதற்குக் காரணம் என்ஜின் சத்தம். அந்தச் சத்தம்தான் உனக்கு இருந்த வேலி. அதை எடுத்துவிட்டால் 80 என்பது உனக்குத் தெரியாமலே வந்துவிடும். 60ல் இருந்து 80க்குப் போனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி முக்கால் பங்கு கூடுகிறது, அதாவது 1.78 மடங்கு. நாலு பக்கமும் ஒன்பது அங்குல டிரம், பூஸ்டர் கிடையாது, பழைய மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை வழி. எங்கோ ஒரு குழாயில் ஓட்டை விழுந்தால் நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் பிரேக் போய்விடும். அதனால் கிரவுன் வாங்கும் காசில் முதல் பங்கை இதற்கு ஒதுக்கு. இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டர், புதுக் குழாய்கள், டிரம்மைக் கடைசல் பிடித்து லைனர் மாற்று, முடிந்தால் முன்பக்கம் டிஸ்க். பிறகு கிங்பின் பேரிங், ஸ்டியரிங் ராடு எண்ட், ஸ்பிரிங் ஷேக்கிள் புஷ், இதிலெல்லாம் ஆட்டம் இல்லாமல் பார். குட்டை வீல்பேஸ் வண்டி 80ல் ஒரு குழியில் விழுந்து திமிறினால் பிடித்து நிறுத்த உனக்கு அரை நொடிதான் கிடைக்கும்.

ஹேண்ட்பிரேக் ஷாப்டில் பிடிக்கிறது என்று பல்சக்கரம் சொன்னாரே, அதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஷாப்டில் பிடிக்கும் பிடி, கிரவுன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. இப்போது 5.38 மடங்கு பெருகிப் போகிறது, நாளை 4.27 மடங்குதான். என்ஜினுக்குக் குறைந்த அதே ஐந்தில் ஒரு பங்கு ஹேண்ட்பிரேக்குக்கும் குறையும். இன்று மேம்பாலச் சரிவில் நிற்கும் வண்டி, கிரவுன் மாற்றிய மறுநாள் மெல்ல உருளும். லைனர் புதிதாகப் போட்டு, கேபிளை இறுக்கி, ஒரு மரக்கட்டையும் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்.

ஸ்பீடாமீட்டரும் டிரான்ஸ்பர் கேஸில் இருந்துதான் ஓடுகிறது. கிரவுன் மாறியதும் அது குறைத்துக் காட்டும். முள் 63ல் நிற்கும்போது வண்டி உண்மையில் 80ல் போகும். முதல் நாளே போனில் ஜி.பி.எஸ். வைத்துப் பார்த்து டேஷ்போர்டில் எழுதி ஒட்டிவிடு.

அம்பத்தூர் பல்சக்கரம்:

பழைய டிரம் அண்ணன் சொன்ன ஹேண்ட்பிரேக் கணக்கு எனக்கே இத்தனை நாள் தோன்றவில்லை, நன்றி.

தம்பி, பொருள் தேடப் போகும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தேய்த்து எடுத்தவை, இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். எண் வேறாக இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதே. பல்லின் முகத்தை விரல் நகத்தால் தடவிப் பார், குழி தட்டுப்பட்டால் வேண்டாம். பினியன் தண்டின் ஸ்பிளைன், அதாவது தண்டின் நீளவாக்கு வரிப்பற்களை எண்ணி உன் பிளாஞ்சுக்குப் பொருந்துமா பார். ஆக்சிலோடு முழுதாக வாங்குவதாக இருந்தால் ஆக்சில் ஷாப்ட் ஸ்பிளைனையும் எண்ணு, 10 உள்ளதும் உண்டு, 19 உள்ளதும் உண்டு.

கட்டும்போது, இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடான சிம், அதில் பழையதையே அப்படியே போடுகிற ஆளிடம் வேலை கொடுக்காதே. பினியன் ஆழம், பேரிங் இறுக்கம், பேக்லாஷ் எனும் பல்லுக்குப் பல் இடைவெளி மூன்றும் புதிதாக அளந்து வைக்க வேண்டியவை. பேக்லாஷ் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் 0.13 முதல் 0.23 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், கிரவுனைச் சுற்றி நாலு இடத்தில் பார். பல்லில் பிரஷ்யன் புளூ சாயம் தடவிச் சுற்றினால் உராயும் தடம் தெரியும். அந்தத் தடம் பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழ வேண்டும். நுனியில் விழுந்தால் பினியன் வெளியே நிற்கிறது, அடியில் விழுந்தால் உள்ளே போய்விட்டது. பொறுமையாகப் பிரித்துப் பிரித்துக் கட்ட வேண்டிய வேலை இது, அரை நாளில் இரண்டு ஆக்சிலும் முடித்துத் தருகிறேன் என்பவரைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடு. பக்கத்தில் நின்று தடத்தைக் காட்டச் சொல், நல்ல மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார்.

ஆயில் இபி 90, ஜி.எல். 5 தரம். அதையே கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதே, அங்கே பித்தளை சின்க்ரோ ரிங் இருக்கிறது, ஜி.எல். 4 போதும். முதல் ஓட்டம் இருபது கிலோமீட்டர், நிறுத்தி ஹவுசிங்கைத் தொட்டுப் பார்த்து ஆற விட வேண்டும். முதல் 800 கிலோமீட்டர் சுமை ஏற்றாமல், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டிவிட்டு ஆயிலை மாற்றிவிடு.

பெருங்களத்தூர் ஜீப்:

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வேலை முடிந்தது, நடந்ததைச் சொல்கிறேன்.

புதுப்பேட்டையில் முதல் கடையில் ஒரு பின் ஆக்சில் இருந்தது, ஹவுசிங் மேல் சுண்ணாம்புக் கட்டியால் 4.27 என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். மூடியைக் கழற்றச் சொன்னேன், கடைக்காரருக்குக் கொஞ்சம் முகம் சுளித்தது. கழற்றியதும் கிரீஸைத் துடைத்துவிட்டு ஒரு பல்லில் நூல் கட்டி எண்ணினேன். 39. பினியன் 8. அது 4.88. ஏமாற்ற எழுதினார் என்று நான் நினைக்கவில்லை, அவருக்கும் யாரோ சொன்னதுதான். ஆனால் எண்ணாமல் தூக்கி வந்திருந்தால், முன்பக்கம் 4.27 வாங்கிப் பாலாற்று மணல் அண்ணனின் கதைதான் எனக்கும். மூன்றாவது சனிக்கிழமை 47க்கு 11 பின் செட் கிடைத்தது, ஜோடி எண் சரி. முன் செட்டுக்கு இன்னும் இரண்டு வாரம் அலைந்தேன். பேரிங், சீல் எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாக வாங்கினேன்.

அந்த இரண்டு வாரத்தில் பழைய டிரம் அண்ணன் சொன்ன வேலைகளை முடித்தேன். மாஸ்டர் சிலிண்டர் இரட்டை வழி ஆனது, குழாய் எல்லாம் புதிது. பழைய குழாயை இறக்கியபோது சேஸிஸில் உரசும் இடத்தில் நகத்தால் கீறினாலே உரியும் அளவுக்குத் துருவேறி இருந்தது. இதை வைத்துக்கொண்டா அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன் என்று கை நடுங்கிவிட்டது. கிரவுன் மாற்றுகிறேனோ இல்லையோ, அதற்காகவே இந்த இழையில் எழுதியவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

மெக்கானிக் பெரியவர், பொறுமையானவர். பின் ஆக்சிலில் முதல் முறை புளூ தடம் நுனிப்பக்கம் விழுந்தது, சிம் மாற்றி மூன்றாவது முறை கட்டிய பிறகுதான் நடுவில் வந்தது. ஒவ்வொரு முறையும் கூப்பிட்டுக் காட்டினார்.

போன வெள்ளிக்கிழமை செஞ்சி போனோம். ஜி.பி.எஸ்.ஸில் 70, முள் 55 சொச்சத்தில் நிற்கிறது. அப்பா முன்சீட்டில் இருந்தார். மாமண்டூர் தாண்டி, பின்னால் அம்மா யாரிடமோ போனில் பேசுகிற குரல் முன்னால் கேட்டது. அப்பா திரும்பிப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்து, "அன்னைக்கே இதையும் சேர்த்துச் செஞ்சிருக்கணும்டா" என்றார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். டாப் கியரை 50க்குக் கீழே பிடித்து வைக்க முடியாது, முன்பு 40லேயே போட்டுவிடுவேன். நெரிசலில் முதல் கியர் நீளமாகத் தெரிகிறது, மேம்பாலம் ஏறும்போது நின்றுவிட்டால் கிளட்சில் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஹேண்ட்பிரேக் சொன்னபடியே தளர்ந்தது, லைனர் மாற்றியும் பழைய பிடி இல்லை, கட்டை சீட்டுக்கு அடியில் இருக்கிறது. முன் ஹவுசிங்கில் 55 முதல் 60க்குள் மெல்லிய ஊளை ஒன்று கேட்கிறது, வேகம் விட்டால் போய்விடுகிறது.

அம்பத்தூர் பல்சக்கரம்:

ஹப் மாட்டினாயா? மாட்டவில்லை என்றால் முன் சக்கரமே முன் கிரவுனைச் சுற்றிக்கொண்டிருக்கும், கேட்கிற ஊளை அதுதான். 800 முடிந்து ஆயில் மாற்றும்போது வடிகிற ஆயிலை ஒரு காந்தத்தில் பிடித்துப் பார். மாவு மாதிரி ஒட்டினால் பயமில்லை. செதிலாக வந்தால் ஓட்டாதே, திற.

பெருங்களத்தூர் ஜீப்:

ஹப் இன்னும் மாட்டவில்லை அண்ணா, அடுத்த மாதச் சம்பளத்தில். ஆயில் மாற்றிவிட்டுக் காந்தத்தின் படம் போடுகிறேன். ஸ்பைசர் 18க்கு ஸ்பீடாமீட்டர் கேபிள் நுனியில் மாட்டும் குட்டிப் பினியன் வேறு பல் எண்ணிக்கையில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.